ஈராயிரம் வருடத்து ரொட்டியைக் குழந்தைகளோடு சுடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃப்ரிட்ஜில் ஒரு பாட்டில் சவர்டோ ஸ்டார்ட்டரும் (கடை ஈஸ்ட் இல்லாமல் ரொட்டியை உப்ப வைக்கும் புளித்த மாவு), விடுமுறையில் "போரடிக்குது" என்று சுற்றிவரும் பிள்ளைகளும் இருக்கும் வீட்டுக்காக இந்தப் பக்கம். நான்கு பண்டங்களைப் பார்க்கப் போகிறோம். கனடாவின் க்ளாண்டைக்கில் தங்கம் தேடிப் போனவர்களின் பான்கேக், இத்தாலியின் பாம்பெய் நகரத்து எட்டுத் துண்டு ரொட்டி, எகிப்துக் கல்லறை ஓவியத்தில் இருக்கும் சுருள் ரொட்டி, கேட்டோ என்ற ரோமானியர் எழுதிவைத்த பாலாடைக்கட்டி அப்பம். நாலுக்கும் பிள்ளைகளிடம் நான் கேட்கச் சொல்வது ஒரே கேள்விதான்: "அப்பவே இப்படித்தான் இருந்துச்சுன்னு நமக்கு எப்படித் தெரியும்?" ரொட்டி சரியாக உப்பாவிட்டாலும் இந்தக் கேள்விக்குப் பதில் தேடிய பிள்ளைக்கு அன்றைய பொழுது வீணில்லை.

எந்த வயதுப் பிள்ளைகளோடு செய்யலாம்?

நாலு வயதுப் பிள்ளை மாவைக் கிண்டும், உருட்டும், விதை தூவும். ஏழெட்டு வயதில் தராசில் கிராம் பார்த்து அளக்க வரும். அந்த வேலையை முழுக்க அவர்களிடம் விட்டுவிடுங்கள். பத்து வயதுக்கு மேல் ஸ்டார்ட்டருக்குத் தீனி போடும் (புது மாவும் தண்ணீரும் சேர்க்கும்) பொறுப்பையே கொடுக்கலாம். அடுப்பும் ஓவனும் மட்டும் எந்த வயதானாலும் பெரியவர் பக்கத்தில் நின்றுதான்.

சவர்டோ என்பது நம் இட்லி மாவு மாதிரிதானே?

பாதி ஆமாம். இரண்டுக்கும் கடையில் ஈஸ்ட் வாங்கிப் போடுவதில்லை. தானியத்தோடு வரும் நுண்ணுயிர்களே வேலையைச் செய்கின்றன. புளிப்பைத் தரும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் இரண்டிலும் உண்டு. உப்புவதில்தான் வித்தியாசம். இட்லி மாவைப் பொங்க வைப்பதில் லியூகோனாஸ்டாக் என்ற பாக்டீரியாவுக்குப் பெரிய பங்கு. அந்த வாயு வெளியேறாமல் பிடித்துவைப்பது உளுந்தின் கொழகொழப்பு. சவர்டோவில் வாயுவை உண்டாக்குவது பெரும்பாலும் காட்டு ஈஸ்ட், பிடித்துவைப்பது குளூட்டன் என்ற கோதுமைப் புரதம்.

இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. இட்லி மாவை ஒவ்வொரு முறையும் புதிதாக அரைக்கிறோம். சவர்டோவில் பழைய மாவில் கொஞ்சம் எடுத்துவைத்து, அதற்கே புது மாவைத் தீனியாகப் போட்டு வருடக்கணக்கில் ஓட்டுகிறோம். முதல் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி என்ற ரோமானியர் தம் காலத்து வழக்கத்தை எழுதிவைத்திருக்கிறார். உப்புப் போடும் முன் மாவில் கொஞ்சம் எடுத்துக் கஞ்சி போலக் காய்ச்சிப் புளிக்கவிடுவார்களாம். பல பேர் அந்தச் சிரமம்கூடப் படாமல், முந்தின நாள் மாவையே எடுத்துவைத்துக்கொண்டு மறுநாள் கலந்துவிடுவார்களாம். உங்கள் வீட்டுப் பாட்டிலில் நடப்பது இந்த இரண்டாவது வகை.

வீட்டில் ஸ்டார்ட்டர் இல்லை. எப்படித் தொடங்குவது?

கண்ணாடிப் பாட்டிலில் 50 கிராம் கோதுமை மாவும் 50 கிராம் தண்ணீரும் போட்டுக் கலக்குங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை அடித்தால் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர். மூடியை இறுக்கக் கூடாது. வாயு போக வழி இல்லாவிட்டால் பாட்டில் வெடிக்கும். தினமும் அதில் 50 கிராமை மட்டும் வைத்துக்கொண்டு, மீதியை எடுத்துவிட்டு, மறுபடி 50 கிராம் மாவு, 50 கிராம் தண்ணீர். ஒரு வாரம் பத்து நாளில், தீனி போட்ட சில மணி நேரத்துக்குள் இரண்டு மடங்காக எழும் நிலைக்கு வந்துவிடும். பாட்டிலின் மேல் ஒரு ரப்பர் பேண்டைப் போட்டு, மாவு எங்கே இருந்தது எங்கே ஏறியது என்று குறித்துவைப்பது பிள்ளைகளின் வேலை. நோட்டில் நேரமும் எழுதச் சொல்லுங்கள்.

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துச் செய்கிறவர்கள் நம் ஊரில் தடுமாறுவது வெயிலால். அவர்கள் சமையலறை 20 முதல் 24 டிகிரி. மே மாதத்துச் சென்னையில் நம்முடையது 33, 34. அவர்களுக்கு எட்டு மணி நேரத்தில் எழுவது நமக்கு மூன்று நான்கு மணி நேரத்தில் எழுந்து, அடங்கியும் போய்விடும். காலையில் பார்க்கும்போது தண்ணீராகிப் புளித்து நாறிக்கொண்டிருக்கும். இதற்கு வழி, பழைய மாவைக் குறைத்துத் தீனியைக் கூட்டுவது: 20 கிராம் ஸ்டார்ட்டருக்கு 80 கிராம் மாவு, 80 கிராம் குளிர்ந்த தண்ணீர். நன்றாகத் தேறிய பிறகு ஃப்ரிட்ஜில் வைத்து வாரம் ஒருமுறை தீனி போட்டால் போதும்.

இரண்டாம் நாளே பொங்கி வழிந்தது. நாலாம் நாள் அசைவே இல்லை. செத்துவிட்டதா?

இல்லை. முதலில் பொங்கியது ஈஸ்ட் அல்ல, மாவில் இருந்த வேறு பாக்டீரியாக்கள். வாடையும் கொஞ்சம் குமட்டும். மாவு புளிக்கப் புளிக்க அவை அடங்கிவிடும். அமிலத்தைத் தாங்கும் ஈஸ்ட்டும் லாக்டிக் பாக்டீரியாவும் பிறகுதான் தலையெடுக்கும். நடுவில் இரண்டு மூன்று நாள் ஒன்றுமே நடக்காதது போலத் தெரியும். பெரும்பாலானவர்கள் அந்த நாட்களில்தான் கொட்டிவிடுகிறார்கள். தொடர்ந்து தீனி போடுங்கள்.

இளஞ்சிவப்பு அல்லது ஆரஞ்சு நிறக் கோடு, பஞ்சு போன்ற பூஞ்சை தெரிந்தால் மட்டும் யோசிக்காமல் பாட்டிலோடு காலி செய்யுங்கள். மேலே தேங்கும் சாம்பல் நிறத் தண்ணீர் பசியின் அடையாளம்தான், கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல.

வரலாற்றுப் பண்டம் என்று இணையத்தில் வருவதை எல்லாம் நம்பலாமா?

நம்பக் கூடாது, பிள்ளைகளோடு சேர்ந்து சல்லடை போட்டுப் பார்க்கலாம். "ஓர் எகிப்தியர் மாவை வெளியே மறந்து வைத்துவிட்டார், அது பொங்கியது, ரொட்டி பிறந்தது" என்ற கதை எல்லா இடத்திலும் இருக்கிறது. கேட்க நன்றாக இருக்கும், சான்று கிடையாது. ரொட்டியின் வயது அதைவிடப் பழையது. ஜோர்தான் நாட்டின் வடகிழக்குப் பாலைவனத்தில் ஷுபைக்கா என்ற இடத்தில் கிடைத்த கருகிய ரொட்டித் துணுக்குகளுக்கு ஏறக்குறைய 14,400 வயது என்று 2018இல் அறிவித்தார்கள். மனிதர்கள் பயிர் செய்யத் தொடங்கும் முன்பே, காட்டில் விளைந்த தானியத்தைப் பறித்துச் சுட்ட தட்டை ரொட்டி அது.

நான் பிள்ளைகளிடம் சான்றை நாலு வகையாகப் பிரித்துச் சொல்வேன். பண்டமே கிடைத்திருக்கிறது. படம் கிடைத்திருக்கிறது. எழுதிவைத்தது கிடைத்திருக்கிறது. யாரோ சொன்ன கதை மட்டும் கிடைத்திருக்கிறது. கீழே வரும் நாலு பண்டங்களும் இந்த வகைகளில் எங்கே விழுகின்றன என்று அவர்களே சொல்லட்டும்.

முதல் முயற்சிக்கு எது எளிது?

க்ளாண்டைக் பான்கேக். ஓவன் வேண்டாம், தோசைக்கல் போதும். ஸ்டார்ட்டர் துடிப்பாக இல்லாவிட்டாலும் ஓடிவிடும்.

1896 ஆகஸ்டில் கனடாவின் யூகான் பகுதியில், க்ளாண்டைக் ஆற்றில் போய்ச் சேரும் ஓர் ஓடையில் தங்கம் கிடைத்தது. கண்டெடுத்த கூட்டத்தில் டாகிஷ் பழங்குடியைச் சேர்ந்த கெய்ஷ் இருந்தார். மறுவருடம் ஜூலையில் தங்கத்தோடு கப்பல்கள் சான்பிரான்சிஸ்கோவுக்கும் சியாட்டிலுக்கும் வந்ததும், வேலையை விட்டுவிட்டுப் பல்லாயிரம் பேர் வடக்கே கிளம்பினார்கள். ஒரு வருடச் சாப்பாடு கையில் இல்லாதவரைக் கனடாக் காவலர்கள் எல்லையைத் தாண்ட விடவில்லை. கூடாரம், கருவிகள் எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஏறக்குறைய ஒரு டன் சரக்கு. அதைச் சில்கூட் கணவாயில் முதுகில் சுமந்து, ஒரு மூட்டையை மேலே வைத்துவிட்டு இறங்கி வந்து, அடுத்த மூட்டையோடு மறுபடி ஏறி, இப்படியே பலமுறை. அந்த மூட்டைகளில் இருந்த சாப்பாட்டில் ஒரு பெரிய பங்கு கோதுமை மாவு. அங்கே ஒரு குளிர்காலத்தைத் தாக்குப்பிடித்தவருக்கு "சவர்டோ" என்றே பட்டப்பெயர், புதிதாக வந்தவர் "சீச்சாக்கோ". ஸ்டார்ட்டர் உறைந்துவிடாமல் இருக்க ராத்திரி படுக்கையில் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கினார்கள் என்பது அந்தப் பக்கத்தில் சொல்லப்படும் கதை. எந்தச் சான்று வகை என்று கேளுங்கள்.

நமக்கு வேண்டியது: 100 கிராம் ஸ்டார்ட்டர் (தீனி போடும்போது எடுத்துவிடும் மீதியே போதும்), 150 கிராம் கோதுமை மாவு, 200 மில்லி பால் அல்லது தண்ணீர். கலந்து வெளியே மூன்று நான்கு மணி நேரம், அல்லது ஃப்ரிட்ஜில் ராத்திரி முழுக்க. சுடும் முன் ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, விரும்பினால் ஒரு முட்டை. கடைசியாக அரை டீஸ்பூன் ஆப்ப சோடாவை ஒரு கரண்டி தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். புளிப்பும் சோடாவும் சேர்ந்ததும் மாவு கண்ணெதிரே நுரைத்து எழும். இதைக் கட்டாயம் பிள்ளை ஊற்ற வேண்டும். நீங்கள் ஊற்றிவிட்டால் அன்று முழுக்கப் பேச்சு வாங்குவீர்கள். மிதமான சூட்டில் சின்னச் சின்ன வட்டமாக ஊற்றி, மேலே குமிழ்கள் உடைந்து ஓட்டை விழுந்ததும் திருப்பிப் போடுங்கள்.

பாம்பெய் ரொட்டியை எப்படிச் செய்வது?

இது "பண்டமே கிடைத்திருக்கிறது" வகை. எனக்குப் பிடித்ததும் இதுதான்.

கி.பி. 79இல் இத்தாலியின் வெசுவியஸ் எரிமலை வெடித்துப் பாம்பெய், ஹெர்குலேனியம் இரண்டு ஊர்களையும் புதைத்தது. முப்பதுக்கு மேற்பட்ட பேக்கரிகளைப் பாம்பெயில் தோண்டி எடுத்திருக்கிறார்கள். எரிமலைக் கல்லில் செய்த பெரிய திரிகைகள் அங்கேயே நிற்கின்றன, கழுதைகளைக் கட்டிச் சுற்றவிட்டவை. 1862இல் திறந்த ஒரு பேக்கரியின் அடுப்புக்குள் 81 ரொட்டிகள் அப்படியே இருந்தன. காற்றுப் புகாத கடும் சூட்டில் எரிந்து சாம்பலாகாமல் கரியாகிவிட்டதால்தான் உருவம் பிழைத்தது. விறகைப் புதைத்துச் சுட்டுக் கரி எடுக்கிற அதே கணக்கு. நாம் இந்தப் பக்கத்தில் அடிக்கடி சாட்சிக்கு அழைக்கும் பிளினியும் அதே வெடிப்பின்போதுதான், கப்பலில் உதவிக்குப் போன இடத்தில் இறந்தார்.

ரொட்டி வட்டமாக, தட்டையாக இருக்கும். மேலே எட்டுத் துண்டாகப் பிரிக்கும் கோடுகள். ஹெர்குலேனியத்தில் கிடைத்த ஒன்றில் முத்திரையே இருக்கிறது: "குயின்டஸ் கிரானியஸ் வேரஸின் அடிமை செலேரினுடையது." அதன் பக்கவாட்டில் சுற்றிலும் ஒரு பள்ளம் ஓடுகிறது. கயிறு கட்டிச் சுட்டிருக்கலாம், தூக்கிப் போக வசதிக்காக இருக்கலாம் என்கிறார்கள். உருவம் உறுதி, காரணம் ஊகம். இந்த இரண்டையும் பிள்ளைகள் நோட்டில் தனித்தனியாக எழுதட்டும்.

250 கிராம் ஆட்டா, 150 கிராம் மைதா, 270 கிராம் தண்ணீர், தீனி போட்டு நன்றாக எழுந்த ஸ்டார்ட்டர் 100 கிராம். கலந்து அரை மணி நேரம் மூடி வைத்து, பிறகு 8 கிராம் உப்புச் சேர்த்துப் பிசையுங்கள். முதல் இரண்டு மணி நேரத்தில் அரை மணிக்கு ஒருமுறை ஈரக் கையால் ஓரத்தை இழுத்து நடுவில் மடித்துவிடுங்கள். நம் வெயிலில் மூன்று நான்கு மணி நேரத்தில் மாவு ஒன்றரை மடங்காகும். இரண்டு மடங்காகும் வரை காத்திருக்க வேண்டாம், தளர்ந்துவிடும். உருண்டையாக்கி, லேசாகத் தட்டையாக அமுக்கி, நனைத்த பருத்திக் கயிற்றை இடுப்பில் சுற்றிக் கட்டுங்கள். நைலான் கயிறு கூடவே கூடாது. மெல்லிய குச்சியின் ஓரத்தால் நாலு கோடு, நடுவில் ஒன்றையொன்று வெட்டும்படி ஆழமாக அழுத்தினால் எட்டுத் துண்டு. நாலு கோட்டுக்கு ஏன் எட்டுத் துண்டு என்று சின்னவர்களிடம் முதலில் கேட்டுவிட்டு அழுத்தச் சொல்லுங்கள். இன்னும் ஒரு மணி நேரம் வைத்து, நன்றாகச் சூடேறிய ஓவனில் 220 டிகிரியில் 15 நிமிடம், பிறகு 200 டிகிரியில் 20 முதல் 25 நிமிடம். ஆறிய பிறகு கயிற்றை எடுத்துவிட்டுக் கையால் பிய்த்துச் சாப்பிடலாம்.

முத்திரைக்குத் தடித்த அட்டையில் பெயரின் முதல் எழுத்தை வெட்டி ஒட்டிக்கொள்ளலாம். எழுத்தைத் திருப்பி வெட்ட வேண்டும். அதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

மேலே என்ன தூவுவது?

பிளினியே சொல்கிறார். கிராமத்து ஜனங்கள் ரொட்டியின் மேல் முட்டையைத் தடவிக் கசகசாவை ஒட்ட வைப்பார்களாம், அடிப்பக்கத்துக்குக் கருஞ்சீரகம் போடுவார்களாம். இரண்டும் நம் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்து டப்பாவில் இருப்பவை. சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் இருப்பவர்கள் கசகசாவைத் தேடவோ, ஊரிலிருந்து கொண்டுவரச் சொல்லவோ வேண்டாம். அங்கே சட்டப்படி தடை. எள் தூவிக்கொள்ளுங்கள்.

எகிப்து ரொட்டிக்கு உண்மையான செய்முறை கிடைக்குமா?

அளவோடு எழுதிய ரொட்டிச் செய்முறை எதையும் பழைய எகிப்தியர்கள் நமக்கு விட்டுப்போகவில்லை. "பாரோ காலத்து ஒரிஜினல் ரெசிபி" என்று வருவதை மூடிவிடலாம். ஆனால் கல்லறையில் படையலாக வைத்த நிஜ ரொட்டிகள் உலர்ந்து கிடைத்திருக்கின்றன. டெல்வென் சாமுவேல் என்ற ஆய்வாளர் அவற்றை மைக்ராஸ்கோப்பில் வைத்து ஆராய்ந்து 1996இல் எழுதினார். எகிப்து அரசர் மூன்றாம் ராமசேஸின் கல்லறையில் அரண்மனை பேக்கரியின் படமே இருக்கிறது. காலால் மாவு மிதிப்பவர்கள், அடுப்பு, பலவிதமான உருவங்களில் ரொட்டிகள், நடுவே சுருள் ஒன்று. ஜிலேபி மாதிரி இருக்கிறதே என்று பிள்ளைகள் சொல்வார்கள்.

2019இல் சீமஸ் பிளாக்லி என்பவர் (எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டியை உருவாக்கியவர்களில் ஒருவர், அதனால் பிள்ளைகளுக்கு உடனே பிடித்துப்போகும்) எகிப்தியல் அறிஞர் ஒருவரோடும் நுண்ணுயிரியல் ஆய்வாளர் ஒருவரோடும் சேர்ந்து, அருங்காட்சியகத்தில் இருந்த பழைய எகிப்துப் பாத்திரங்களின் நுண் துளைகளிலிருந்து ஈஸ்ட் எடுத்து ரொட்டி சுட்டார். அது உண்மையிலேயே அந்தக் காலத்து ஈஸ்ட்டா, பின்னால் வந்து ஒட்டியதா என்பதை மரபணுச் சோதனைதான் சொல்ல வேண்டும். ரொட்டி நன்றாக வந்ததை அதற்குச் சான்றாக எடுக்க முடியாது.

நாம் செய்வது படத்தில் இருக்கும் உருவத்தை மட்டும். பாம்பெய் ரொட்டியின் மாவிலேயே பாதியை எடுத்து, நீளக் கயிறாகத் திரித்து, சுருளாக வளைத்து, இடையில் கொட்டை நீக்கி மசித்த பேரீச்சம்பழத்தைத் தடவுங்கள். 200 டிகிரியில் 20 நிமிடம். சூட்டோடு தேன் தடவலாம். பேரீச்சையும் தேனும் எகிப்தில் இருந்தவை. இந்தச் சுருளில் அவைதான் இருந்தன என்று படம் சொல்லவில்லை, அது நம் சேர்க்கை என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

எகிப்தில் என்ன கோதுமை? நம் ஊரில் கிடைக்குமா?

எம்மர் என்ற பழைய வகைக் கோதுமையும் பார்லியும். எம்மர் இங்கே கப்ளி கோதுமை என்றும் சம்பா கோதுமை என்றும் விற்கிறது. சம்பா என்ற பெயரில் வேறு நீளக் கோதுமையையும் கட்டிக் கொடுப்பார்கள், பாக்கெட்டில் கப்ளி என்று இருக்கிறதா பாருங்கள். குளூட்டன் பலம் குறைவு, அதனால் மாவில் நாலில் ஒரு பங்குக்கு மேல் போட வேண்டாம்.

கேட்டோவின் அப்பம் சவர்டோவே இல்லையே?

இல்லைதான். "எழுதிவைத்தது கிடைத்திருக்கிறது" வகைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காததால் சேர்த்திருக்கிறேன். கேட்டோ கி.மு. இரண்டாம் நூற்றாண்டு அரசியல்வாதி, கண்டிப்புக்குப் பெயர் போனவர். பண்ணை நடத்துவது பற்றி எழுதிய நூலில், திராட்சைக்கும் ஆலிவுக்கும் நடுவே, லிபும் என்ற படையல் அப்பத்துக்கு நாலே வரியில் செய்முறை கொடுத்திருக்கிறார். இரண்டு ராத்தல் பாலாடைக்கட்டியை உரலில் நன்றாக இடி, ஒரு ராத்தல் மாவு சேர், மென்மையாக வேண்டுமானால் அரை ராத்தல் போதும், ஒரு முட்டை, பிசைந்து உருட்டு, கீழே இலை வை, சூடான அடுப்புத் தரையில் மூடி கவிழ்த்து மெதுவாகச் சுடு. அவ்வளவுதான். எத்தனை நிமிடம், எத்தனை சூடு என்று ஒன்றும் இல்லை. நம் பாட்டிமார் சொல்லும் "பதமா" இங்கேயும் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரோமானிய ராத்தல் ஏறக்குறைய 327 கிராம். பாதி அளவு செய்ய எவ்வளவு என்று பிள்ளைகளே கணக்குப் போடட்டும்: பன்னீர் 327 கிராம், மாவு 160 கிராம் சொச்சம். முட்டையும் பாதிதான் வர வேண்டும், ஆனால் நம் பன்னீர் உலர்வாக இருப்பதால் முழுதாகவே போடலாம். உப்பு அவர் சொல்லவில்லை. அவர்கள் பாலாடைக்கட்டியில் உப்பு இருந்ததோ என்னவோ, நான் ஒரு சிட்டிகை போடுவேன். மீதி ஸ்டார்ட்டர் இரண்டு கரண்டி சேர்த்தால் லேசான புளிப்பு வரும். அது கேட்டோ சொல்லாதது. 180 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம்.

கீழே வைக்கும் இலை எது என்று கேட்டோ சொல்லவில்லை. லாரல் (மேல்நாட்டு பே இலை) என்று எடுத்துக்கொள்ளலாம். பிரியாணிக்குப் போடும் நம் பிரிஞ்சி இலை வேறு மரம், இலவங்கப்பட்டை இனம். மணம் மாறும், அப்பம் கெடாது. சாப்பிடும்போது இலையை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

சாக்லேட் போடலாமா? பீட்சா ஆக்கலாமா?

போடலாம், ஆனால் அன்று அது ரோமானிய ரொட்டி அல்ல. தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு, சாக்லேட், வெனிலா எல்லாம் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு, கொலம்பஸுக்குப் பிறகுதான் ஐரோப்பாவுக்கு வந்தவை. ரோமானியச் சமையலில் இனிப்புக்குத் தேனும் பழப்பாகும்தான். சமையலறை அலமாரியைத் திறந்து எதெல்லாம் பாம்பெய்க்குள் நுழைய முடியாது என்று பொறுக்கி எடுக்கச் சொல்லுங்கள். நல்ல விளையாட்டு, அரை மணி நேரம் ஓடும். ஏலக்காயைக் காட்டி வாதாடுவார்கள். மிளகு நுழையும், அதுவும் நம் மேற்குக் கரையிலிருந்து கப்பலில் போனது.

2023இல் பாம்பெயில் கிடைத்த ஒரு சுவரோவியத்தை "முதல் பீட்சா" என்று செய்திகளில் போட்டார்கள். வெள்ளித் தட்டில் தட்டை ரொட்டி, மேலே பழங்கள், பக்கத்தில் ஒரு கோப்பை மது. தக்காளியும் இல்லை, மொசரெல்லாவும் இல்லை. கண்டெடுத்தவர்களே அதைப் பீட்சா என்று சொல்லவில்லை, தலைப்பு போட்டவர்கள் சொன்னது.

அடிமைகள் பற்றியெல்லாம் சொல்ல வேண்டுமா? சின்னப் பிள்ளைகள்...

சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. ரொட்டி முத்திரையில் "அடிமை" என்று எழுதியிருக்கும்போது அதை மறைத்துவிட்டு ரொட்டியை மட்டும் கொண்டாட முடியாது. 2023 இறுதியில் பாம்பெயில் ஒரு பேக்கரியின் பின்கட்டைத் தோண்டினார்கள். வெளியே பார்க்க முடியாதபடி கம்பி போட்ட சின்ன ஜன்னல்கள், கழுதைகள் ஒரே தடத்தில் சுற்றுவதற்குத் தரையில் வெட்டிய குழிகள். அடைத்துவைக்கப்பட்ட மனிதர்களும் கழுதைகளும் அங்கே மாவு அரைத்தார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு இது நன்றாகப் புரியும். ஐந்து வயதுக்கு, "இதைச் செய்தவருக்குக் கூலி கிடையாது, வீட்டுக்குப் போகவும் விடமாட்டார்கள், அவர் பேர் செலேர்" என்ற அளவு போதும். தங்க வேட்டையிலும் அப்படித்தான். க்ளாண்டைக் ஆற்று முகத்தில் மீன் பிடித்து வாழ்ந்த ட்ரோண்டெக் ஹ்வெச்சின் மக்கள் அந்தக் கூட்டத்தால் இடம் பெயர வேண்டியிருந்தது.

பிள்ளை பச்சை மாவை நக்குகிறது. பரவாயில்லையா?

கூடாது. முட்டை சேர்க்காத மாவிலும் கூடாது. கோதுமை மாவு வேகவைக்காத பொருள். அதில் ஈ.கோலை, சால்மோனெல்லா போன்ற நோய்க்கிருமிகள் இருக்க வாய்ப்புண்டு. கை கழுவாமல் வாய்க்குப் போகவிடாதீர்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் வேண்டாம், சுட்ட பண்டத்தில் கலந்ததும் சேர்த்துத்தான்.

குளூட்டன் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்குச் சவர்டோ நல்லதாமே?

சீலியாக் நோய் (குளூட்டனால் குடல் பாதிக்கப்படும் நோய்) இருந்தால் கோதுமைச் சவர்டோவும் கூடாது. புளிக்க வைப்பதால் குளூட்டன் போய்விடாது.

வீட்டில் முட்டை சேர்ப்பதில்லை.

ரொட்டிக்கும் சுருளுக்கும் முட்டையே இல்லை. பான்கேக்கில் விட்டுவிடலாம், யூகான் குளிரில் புது முட்டைக்கு அவர்கள் எங்கே போவார்கள்? லிபுமில் முட்டைக்குப் பதில் இரண்டு கரண்டி தயிர் போட்டுப் பிசையுங்கள். கொஞ்சம் உதிரும்.

ஓவன் இல்லை. ரொட்டி சுட முடியுமா?

முடியும். ரோமானியர்களில் பல வீடுகளுக்கும் ஓவன் இல்லை. கேட்டோ சொல்லும் மூடி ஒரு மண்சட்டி. அதைக் கவிழ்த்து மேலேயும் சுற்றியும் தணலைக் குவிப்பார்கள், தம் பிரியாணிக்கு மூடியின் மேல் தணல் போடுவது போல. நாம் அடிகனமான பெரிய பாத்திரத்தில் உப்பு அல்லது மணலைப் பரப்பி, ஒரு ஸ்டாண்டு வைத்து, மூடிப் பத்து நிமிடம் சூடாக்கி, அதற்குள் தட்டோடு ரொட்டியை இறக்கலாம். சிறு தீயில் 45 நிமிடம் ஆகும். மேல்பக்கம் சிவக்காது, கடைசியில் தோசைக்கல்லில் குப்புறப் போட்டு எடுங்கள். பிரஷர் குக்கரில் செய்தால் கேஸ்கட்டும் வெயிட்டும் போடக் கூடாது. நான்ஸ்டிக் பாத்திரத்தை வெறுமனே சூடாக்கக் கூடாது. அலுமினியப் பாத்திரத்தில் புளித்த மாவைக் கலந்து வைக்காதீர்கள்.

நூறு வருடப் பழைய ஸ்டார்ட்டர் ஆன்லைனில் விற்கிறார்களே, வாங்கலாமா?

கதைக்காக வாங்கலாம். சான்பிரான்சிஸ்கோவில் பூடான் பேக்கரி 1849இல் தொடங்கியது. 1906 நிலநடுக்கத்தில் அந்தக் குடும்பத்து லூயிஸ் பூடான் என்ற பெண்மணி தாய்மாவை (கடையின் பழைய ஸ்டார்ட்டரை) ஒரு வாளியில் எடுத்துக்கொண்டு ஓடிக் காப்பாற்றினார் என்பது அந்தக் கடை பெருமையோடு சொல்லும் கதை. நல்ல கதை, நாலாவது வகை. உங்கள் வீட்டுக்கு வந்து சேரும் பழைய ஸ்டார்ட்டர் உங்கள் மாவையும் உங்கள் சூட்டையும் தின்று வளரும்போது அதிலிருக்கும் உயிர்களின் கலவை நாளடைவில் மாறக்கூடும். நீங்களே தொடங்கினாலும் ருசியில் குறை வராது.

பள்ளி நாட்களில் நேரம் இல்லை. வார இறுதியில் முடிக்க வழி உண்டா?

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வந்ததும் ஸ்டார்ட்டரை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துத் தீனி போடுங்கள். ராத்திரி எட்டு மணிக்குள் எழுந்திருக்கும், அதில் ரொட்டி மாவைக் கலந்து, இரண்டு முறை மடித்து, ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம். சனிக்கிழமை காலையில் வெளியே எடுத்து ஒரு மணி நேரம் குளிர் விடட்டும். உருட்டி, கயிறு கட்டி, கோடு போட்டு, மறுபடி ஒரு மணி நேரம் முதல் ஒன்றரை மணி நேரம். பத்தரை மணிக்கு ஓவனில் போனால் மதியச் சாப்பாட்டுக்கு ரசத்தோடு தொட்டுக்கொள்ளலாம். வெள்ளி இரவே எடுத்துவைத்த மீதி ஸ்டார்ட்டரில் ஞாயிற்றுக்கிழமை காலை பான்கேக். சுருள் ரொட்டிக்கு மாவு மிச்சம் வைக்க வேண்டுமென்றால் சனிக்கிழமையே பாதியைப் பிரித்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். திங்கட்கிழமை டிபன் பாக்ஸுக்குச் சுருள்தான் சரிப்படும், மறுநாளும் மெத்தென்று இருக்கும்.